‘நான் யார்?’ என்று இரண்டு வருடமாகக் கேட்கிறேன், பதில் வரவில்லை. என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவருக்கு 31 வயது, சென்னையில் மென்பொருள் வேலை. இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து ‘நான் யார், நான் யார்’ என்று மனத்துக்குள் சொல்லிவருகிறார். பதில் எதுவும் வருவதில்லை. சில நாள் மனம் மரத்துப்போய்த் தூக்கம் மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. சம்மதித்துவிட்டால் தன்னை அறியும் வழி அடைபட்டுவிடுமோ, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கே வந்துவிடலாமா, குரு இல்லாமல் இது ஆகுமா என்று கேட்கிறார்.

நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். திருவண்ணாமலையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சிறிய ஊரில் 26 வருடமாகக் கடை. திருவண்ணாமலையில் வாழ்ந்த ஞானி ரமண மகரிஷி காட்டிய இந்த ‘நான் யார்’ வழியையும் ஏறக்குறைய அத்தனை காலமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நானும் நாலைந்து வருடம் நின்றிருக்கிறேன். அந்த இடத்தைப் பற்றி என்னால் சொல்ல முடியும்.

நீங்கள் செய்துகொண்டிருப்பது ஜபம். அதில் தப்பொன்றும் இல்லை, மனம் அடங்க உதவும். யானையின் துதிக்கை சும்மா இருக்காது, அதனிடம் ஒரு சங்கிலியைக் கொடுத்தால் வேறெதையும் பிடிக்காமல் அதையே பிடித்துக்கொண்டு போகும் என்று ரமணரே உவமை சொல்லியிருக்கிறார். ஆனால் விசாரம் என்று அவர் சொன்னது வேறு. போனில் ஒருவர் கூப்பிடுகிறார், குரல் பிடிபடவில்லை. ‘யாருங்க பேசுறது?’ என்று கேட்கிறோம். கேட்ட மறுகணம் வாயை மூடிக் காதைக் கொடுக்கிறோம் இல்லையா? கேட்டதையே நூறு தடவை சொல்லிக்கொண்டிருந்தால் எதிர்ப்பக்கம் யார் என்று எப்படித் தெரியும்? ‘நான் யார்’ என்ற சொற்களுக்கு ஒரே வேலைதான். வெளியே ஓடிக்கொண்டிருக்கும் கவனத்தை, கவனிக்கிறவன் பக்கம் திருப்பிவிடுவது. திருப்பியாயிற்று என்றால் சொற்களின் வேலை முடிந்தது. அங்கிருந்து ஒரு குரலோ காட்சியோ வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வந்தால் அதுவும் நீங்கள் பார்க்கிற இன்னொரு பொருள்தான். பார்க்கிறவர் அப்போதும் இந்தப் பக்கமே இருப்பார்.

‘விசாரம்’ என்ற சொல்லே நமக்கு ஒரு தடங்கல் என்று எனக்குத் தோன்றும். பேச்சில் அதற்குக் கவலை என்றுதான் பொருள். ‘விசாரப்படாதே’ என்று எங்கள் பாட்டி சொல்வார். அதனால் ஆன்ம விசாரம் என்றதும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசிக்க உட்கார்ந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். நான் உடம்பா, இல்லை. மூச்சா, இல்லை. மனமா, இல்லை. பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவேன். கடைசியில் மிஞ்சுவது தலைவலி.

இந்தப் பட்டியலுக்கு ஒரு கதை இருக்கிறது. தென்னார்க்காடு கலெக்டர் ஆபீசில் வருவாய்த்துறையில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர், 1902 வாக்கில் திருவண்ணாமலை மலைமேல் உள்ள விரூபாக்ஷ குகைக்குப் போய் ரமணரிடம் கேள்விகள் கேட்டார். ரமணருக்கு அப்போது 22 வயது, பேசுவதில்லை. மணலிலும் சிலேட்டிலும் பதில் எழுதிக் காட்டினார். முதல் கேள்வியே ‘நான் யார்?’ என்பதுதான். அந்தக் கேள்வி பதில்கள் 1923இல் அதே பெயரில் சிறு நூலாக வந்தன. இன்று அச்சிலிருக்கும் கேள்வி பதில் வடிவத்தில் முதல் பதிலில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும்: ஸ்தூல தேகம், அதாவது இந்தப் பருவுடம்பு, நானல்ல, ஞானேந்திரியங்கள், அதாவது கண் காது முதலிய புலன்கள், நானல்ல என்று. அதைச் சேர்த்தவர் பிள்ளைதான், தமக்கு விளங்குவதற்காக. ரமணர் எழுதிக் காட்டிய பதிலின் சாரம் ‘அறிவே நான்’ என்பது மட்டும். பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அவர் கேட்டிருக்காவிட்டால் நமக்கு அந்த நூலே இல்லை. ஆனால் பட்டியலை அடித்துக்கொண்டே போவதுதான் பயிற்சி என்று நம்பி வருடக்கணக்கில் களைத்துப்போனவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். வழிமுறை அதே நூலில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஒரு நினைவு எழுந்தால் அதை முழுசாக ஓடவிடாமல், இது யாருக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று பார்த்தால் மனம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். எழுந்த நினைவும் அடங்கும். இவ்வளவுதான், திரும்பத் திரும்ப.

இலக்கணம் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம். ‘நான்’ எழுந்தால்தான் நீ உண்டு, அவன் உண்டு, அது உண்டு. தூக்கத்தில் ‘நான்’ என்ற நினைப்பு இல்லை, அங்கே மாமனாரும் மேனேஜரும் மாதத் தவணையும் இல்லை. கண்ணைத் திறந்ததும் முதலில் எழுவது ‘நான்’, அப்புறம்தான் மற்றதெல்லாம் வரிசையாக வருகிறது. ‘உள்ளது நாற்பது’ என்று 1928இல் எழுதிய செய்யுள்களில் ரமணர் இந்தத் தன்மை, முன்னிலை, படர்க்கையையே கையில் எடுக்கிறார். தன்மையின் உண்மையை விசாரித்து அந்தத் தன்மை அறுந்தால் மற்ற இரண்டும் கூடவே போகும் என்கிறார். தமிழில் ‘தன்மை’ என்றால் இயல்பு என்றும் பொருள் இருப்பது எவ்வளவு பொருத்தம்! தன்மையைத் தேடிப் போனால் கிடைப்பதும் தன்மைதான்.

சரி, நடைமுறையில் இது எப்படி இருக்கும்? என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும், நல்ல கூட்டம். பெரியவர் ஒருவர் கையில் மாத்திரை அட்டையோடு வந்தார். முந்தின நாள் 5 மில்லிகிராம் ரத்த அழுத்த மாத்திரைக்குப் பதிலாக 10 மில்லிகிராம் கொடுத்துவிட்டிருந்தேன். ஒரே கம்பெனி, பக்கத்துப் பக்கத்துப் பெட்டி. நல்லவேளை, போடுவதற்கு முன்பே அவர் மகள் பார்த்துவிட்டாள். ‘ஆளைக் கொல்லவா கடை வச்சிருக்க?’ என்று எல்லார் எதிரிலும் கத்தினார். எனக்குக் காது மடல் சுட்டது, தொண்டை வறண்டது. ‘நீங்க சீட்டைச் சரியா காட்டலை’ என்ற வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பொய் அது. சீட்டு தெளிவாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில், பழக்கத்தால்தான், ‘யாருக்கு?’ என்று உள்ளே ஒரு திருப்பம். எரிகிறதே, யாருக்கு எரிகிறது? மாத்திரை மாறியதற்காக எரியவில்லை. ‘இத்தனை வருடமாகத் தப்பே செய்யாத கடைக்காரர்’ என்று ஓர் ஆள் எனக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், அவருக்குத்தான் எரிந்தது. அவரைப் பார்க்கத் திரும்பினேன். ஒரு விநாடி, இரண்டு விநாடி, அங்கே அப்படி ஓர் ஆளே அகப்படவில்லை. இருக்கிறேன் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. சூடும் இருந்தது, ஆனால் அதற்குச் சொந்தக்காரர் இல்லை. ‘தப்பு என்னோடதுதான் ஐயா, மன்னிச்சிடுங்க’ என்று வாய் சொல்லிற்று. கை சரியான அட்டையை எடுத்துக் கொடுத்தது. பெரியவர் இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே அந்த இரண்டு பெட்டிகளையும் வேறு வேறு தட்டில் வைத்தேன்.

இரவு ஷட்டரை இழுத்து மூடும்போது ‘எவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டோம்’ என்று ஓர் இனிப்பான நினைப்பு வந்தது. இதைத்தான் உங்களுக்குக் குறிப்பாகச் சொல்ல நினைத்தேன். கோபத்தில் வந்த அதே ஆள், இப்போது பெருமையாக வேறு சட்டை போட்டு வந்திருக்கிறார். இந்த நினைப்பு யாருக்கு என்று மறுபடியும் திரும்ப வேண்டியதுதான். கோட்டைக்குள் எதிரி இருக்கும்வரை வந்துகொண்டேதான் இருப்பான், வர வர வெட்டிக்கொண்டே இருந்தால் கோட்டை வசமாகும் என்று ரமணர் சொன்னதைப் படித்தபோது பெரிய போர்க்களம் மாதிரி கற்பனை செய்திருந்தேன். உண்மையில் அது கல்லாப்பெட்டிக்குப் பின்னால், சில்லறை எண்ணும்போது நடக்கிறது.

இப்போது உங்கள் தூக்க விஷயம். இது முக்கியம். மனம் அடங்குவதில் இரண்டு வகை: லயம், நாசம். லயமான மனம் திரும்ப எழும். நாசமானது எழாது. ‘உபதேச உந்தியார்’ என்ற தம் செய்யுள் நூலில் ரமணர் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். அவர் அடிக்கடி சொன்ன ஒரு கதையும் உண்டு. கங்கைக்கரையில் ஒரு யோகி. தியானத்திலிருந்து கண் விழித்துச் சீடனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவன் கொண்டுவருவதற்குள் மறுபடி சமாதியில் மூழ்கிவிட்டார். ஆயிரம் வருடம் கழிந்தது. கண் விழித்ததும் முதல் வார்த்தை, ‘எங்கே தண்ணீர்?’ ஆயிரம் வருட அமைதியால் ஒரு தாகம்கூடக் கரையவில்லை. உட்கார்ந்திருக்கும்போது மரத்துப்போகிறதே, அது இந்த லயத்தின் வாசல். அதை அமைதி என்று நம்பி அங்கேயே தங்கிவிடாதீர்கள். மந்தம் ஏறும்போதே, இந்த மந்தம் யாருக்குத் தெரிகிறது என்று பாருங்கள். தெரிந்துகொண்டிருப்பது மந்தமாக இல்லை என்பது அப்போது விளங்கும். அதற்கும் மசியாவிட்டால் எழுந்து நாலு எட்டு நடங்கள். ராத்திரி இரண்டு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் இருந்துவிட்டு ஐந்து மணிக்குத் தியானம் என்றால் உடம்பு தன் பாக்கியைக் கேட்கத்தான் செய்யும். முதலில் தூங்குங்கள்.

மருந்துக்கடைக்காரனாக ஒரு வார்த்தை. எதிலும் ஒட்டாத வெறுமை, சாப்பாடு செல்லாமை, உலகமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல ஓர் அந்நியம், உயிரோடு இருப்பதே வீண் என்ற எண்ணம், இவற்றை ‘நான் கரைகிறது’ என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போட்ட இளைஞர்களை எனக்குத் தெரியும். அது ஞானம் இல்லை, நோய். மனநல மருத்துவரைப் பார்த்து மருந்து எடுத்துக்கொள்வதால் விசாரம் ஒன்றும் கெட்டுப்போகாது. உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வீட்டை விட்டு வருவது பற்றி. ‘ரமணர் மட்டும் போனாரே’ என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 1896 ஜூலை மாதம். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கம் சொக்கப்ப நாயக்கன் தெரு, சித்தப்பா வீட்டு மாடியறை. 16 வயதுப் பையன் வெங்கடராமனுக்கு (ரமணரின் இளவயதுப் பெயர் அது), உடம்புக்கு ஒன்றும் இல்லாமலே, திடீரென்று செத்துப்போகப் போகிறோம் என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. டாக்டரைத் தேடி ஓடவில்லை, பெரியவர்களைக் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி கைகாலை விறைத்து நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, உதட்டை இறுக மூடிக்கொண்டு பார்க்கிறான். சரி, இந்த உடம்பு செத்தது, சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரிப்பார்கள், இதோடு நானும் செத்தேனா? சாகாத ஒன்று ‘நான்’ என்று உள்ளே தெளிவாகத் துலங்கிற்று. அந்தத் தெளிவு பிறகு மங்கவே இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வயதில், கூட்டுக் குடும்பத்தின் நடுவில், ஒரு சாதாரண அறையில் நடந்தது இது. அவர் வீட்டை விட்டுக் கிளம்பியது ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஆறு வாரம் கழித்து. போய் அடைந்தார் என்பதல்ல, அடைந்தபின் போனார். பெரியபுராணம் படித்து உருகிய பிள்ளை, அருணாசலம், அதாவது திருவண்ணாமலை, என்ற பெயரைக் கேட்டாலே சிலிர்த்த பிள்ளை, பழம் காம்பை விட்டதுபோல விட்டுப் போனார். பச்சைக் காயைப் பறித்துப் பரணில் போட்டால் அது பழுக்காது.

கிளம்பிய அன்று எழுதிவைத்த சீட்டு எனக்கு எந்தச் சாஸ்திரத்துக்கும் குறைந்ததில்லை. பள்ளியில் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை எழுதியவர் மூன்றாவதில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். இப்படிப்பட்டவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் சொன்னது சுருக்கென்று தைத்தது. பள்ளியில் வகுப்பு இருக்கிறது என்று எழுந்தார். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப்போய் என் காலேஜ் சம்பளத்தை, அதாவது கட்டணத்தை, கட்டிவிடு என்றார் அண்ணன். மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு இரண்டு ரூபாயைச் சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். தகப்பனாரைத் தேடி (அருணாசலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்) அவர் உத்தரவுப்படி கிளம்புவதாகச் சொல்லும் முதல் வரி ‘நான்’ என்று தொடங்குகிறது. அடுத்த வரியிலேயே ‘நான்’ போய் ‘இது’ வந்துவிடுகிறது: இது நல்ல காரியத்தில்தான் பிரவேசித்திருக்கிறது, யாரும் வருத்தப்பட வேண்டாம், இதைத் தேடப் பணமும் செலவழிக்க வேண்டாம் என்று போகிறது. முடிவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, வெறும் கோடு. அதற்குக் கீழே, உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று ஒரு குறிப்பு. ‘நான்’ இரண்டு வரிக்குள் கழன்றுபோன அந்தக் காகிதத்தில் அண்ணனின் பணக்கணக்கு மட்டும் ஒழுங்காக நிற்கிறது. தன்னை அறிந்தவர் பொறுப்பில்லாமல் போய்விடுவார் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

பின்னாளில், வீட்டை விட்டுவிடலாமா என்று கேட்டு வந்தவர்களை அவர் பெரும்பாலும் திருப்பியே அனுப்பினார். இப்போது ‘நான் இல்லறத்தான்’ என்ற நினைப்பு இருக்கிறது, காவி கட்டினால் ‘நான் சந்நியாசி’ என்ற நினைப்பு வரும், மனம் கூடவேதான் வரும் என்பது அவர் பதில். தாயார் அழகம்மாள் 1916இல் மலைக்கே வந்து கூட இருந்தார். 1922 மே மாதம் அந்த அம்மாள் காலமானபின், அவர் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் இன்று நாம் பார்க்கும் ரமணாசிரமம். அங்கே ரமணர் விடியுமுன்னே எழுந்து சமையலறையில் காய் நறுக்கினார், அரைத்தார், சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கணவரையும் குழந்தைகளையும் அடுத்தடுத்து இழந்து, அழுது ஓய்ந்து வந்த எச்சம்மாளுக்கு அவர் தந்ததும் துறவு இல்லை. அந்த அம்மாள் தினமும் சோறு சமைத்து மலைமேல் எடுத்துப்போனார், பல பத்து வருடம்.

ஆகவே கல்யாணத்தை இந்தக் காரணத்துக்காக மறுக்க வேண்டாம். வேறு காரணம் இருந்தால் அது வேறு. ஒன்று மட்டும்: பெண் பார்க்கப் போகும்போதே இந்த நாட்டத்தை அந்தப் பெண்ணிடம் மனம்விட்டுச் சொல்லிவிடுங்கள். என் கல்யாணத்தின்போது நான் அப்படிச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். என் மனைவி அதைத் தன்மேல் உள்ள வெறுப்பு என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தாள். கதவைத் திறந்துவைத்த பிறகுதான் வீட்டில் மூச்சு வந்தது. பாத்திரம் விழும் சத்தம், குக்கர் விசில், பால்காரர் குரல் எல்லாம் உள்ளே வரும். வரட்டும்.

குரு விஷயம். ரமணருக்கு மனித உருவில் குரு இல்லை, அருணாசல மலைதான் குரு என்றார். ஆனால் அதையே நமக்கும் விதியாக அவர் சொல்லவில்லை. குரு தேவை, குரு உள்ளேயும் இருக்கிறார் என்றுதான் சொன்னார். அவர் உடம்பு 1950 ஏப்ரல் 14 இரவு விழுந்தது. அதற்குச் சில நாள் முன்பு, போகிறீர்களே என்று அழுதவர்களிடம், எங்கே போவது, இங்கேதான் இருக்கிறேன் என்றார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு உயிரோடு ஒருவர் வேண்டும் என்று தோன்றினால் தேடுங்கள். உங்களைத் தம்மிடம் கட்டிப்போடுகிறாரா, உங்களிடமே திருப்பிவிடுகிறாரா என்று பாருங்கள். நிலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து ஞானத்தை வகுப்பெடுப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘நான் யார்?’ சிறு நூல். ஒரு டீச்செலவு, இரண்டு டீச்செலவில் கிடைக்கும். அதை முதலில் பத்துத் தடவை படியுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்கவில்லை, ஆனாலும் அது உங்கள் மனத்தில் இருக்கும். வருடத்தைக் கணக்கிடுவதும் அந்த ஆள்தான், அவரிடமே திரும்புங்கள். அரை மணி நேரத்தைக் கால் மணியாக்கிக்கொண்டாலும் பரவாயில்லை. பகலில் பத்துத் தடவை, மேனேஜர் மெயில் வரும்போது, லிப்டில் நிற்கும்போது, அம்மாவோடு வாக்குவாதம் தொடங்கும்போது, ஒரு விநாடி திரும்பிப் பாருங்கள். காலையில் உட்காருவதைவிட எனக்கு இதுதான் அதிகம் உதவியது.

திருவண்ணாமலைக்கு வாருங்கள், குடியேற வேண்டாம், வந்துபோங்கள். பௌர்ணமி கூட்டத்தில் வேண்டாம், ஒரு சாதாரண செவ்வாய், புதனில் வாருங்கள். ஆசிரமத்தின் பின்பக்கமாகக் கல் பாவிய பாதையில் ஏறினால் ஸ்கந்தாசிரமம், அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் விரூபாக்ஷ குகை. ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்த இடம், சிவப்பிரகாசம் பிள்ளை கேள்வி கேட்ட இடம். உள்ளே இருட்டு, வெக்கை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மலைமேல் போனால் நிசப்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் முதல் தடவை போனேன். கண்ணை மூடியதும் கேட்டது, கீழே ஊருக்குள் போகும் பஸ்ஸின் ஹாரன். எரிச்சலாக வந்தது. அப்புறம், இது யாருக்குக் கேட்கிறது என்று அதிலிருந்தே தொடங்கினேன்.